லாசெமில் கிடைக்காத கருவாடு

மாலாங்
13 நவம்பர் 1994

அன்புள்ள முர்தினி அக்காவுக்கு,

அத்தானின் முதுகுவலியும் உன் இரத்த அழுத்தமும் அடங்கியிருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நானும் வெனிங்கும் சுகம்.

இன்று காலை முதல் வேலையாக உன் பொட்டலத்தைப் பிரித்தேன். தேநீருக்குத் தண்ணீர்கூட வைக்கவில்லை. உள்ளே சிரெபோன் இறால் விழுது இருப்பதை எனக்கு முன்பே பக்கத்து வீட்டுப் பூனை தெரிந்துகொண்டது. வெனிங் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பெரியம்மா ஊர் சுத்துறாங்க, வாசம் மட்டும் நம்ம வீட்டுக்கு வருது" என்றாள். மத்தியானம் அதே விழுதில் அரைத்த சம்பலை அவள்தான் வழித்துச் சாப்பிட்டாள்.

சர்க்கரை ஆலைக் கணக்கறையைவிட்டு நகராத அத்தான், ஓய்வு பெற்ற மறுமாதமே பழைய கிஜாங் வண்டியில் உன்னை ஏற்றிக்கொண்டு தீவைச் சுற்றக் கிளம்பிவிட்டார் என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. அரண்மனைச் சுவரில் பீங்கான் தட்டுகளைப் பதித்திருக்கிறார்கள் என்று நீ எழுதியதை வகுப்பில் படித்துக் காட்டினேன். புவியியல் பாடத்தில் பிள்ளைகள் விழித்திருந்தது அன்றைக்குத்தான்.

மாப்பிள்ளை பாகஸின் வீட்டார் ஹஜ் மாதத்தில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதாவது மே மாதம். ஒரே ஒரு காரியம் பாக்கி. தகப்பன் உயிரோடு இருந்தால் பெண்ணை அவர்தான் கட்டிக்கொடுக்க வேண்டும், வேறு யார் உட்கார்ந்தாலும் அது செல்லாது என்று காஜி அலுவலகத்தில் மறுபடியும் நினைவுபடுத்தினார்கள். வெனிங் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது சுற்றுலா வண்டி ஓட்டப் போன ஹர்தோயோ இன்று எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதே நமக்குத் தெரியாது. 'இருக்குமிடம் அறியேன்' என்று நான் கையெழுத்துப் போட்டால் காஜியே அந்த இடத்தில் உட்காருவார். கிராமத் தலைவர் தாளைத் தயாராக வைத்திருக்கிறார். போட்டுவிடப் போகிறேன். பொய் ஒன்றும் இல்லையே.

அத்தானுக்கு என் வணக்கம். அடுத்து எந்த ஊர் என்று எழுது.

உன் தங்கை,
ஹெஸ்தி


பெக்கலோங்கான்
4 டிசம்பர் 1994

என் ஹெஸ்திக்கு,

இறைவன் கருணையால் இருவரும் நலம். உன் இருமல் விட்டதா? இஞ்சித் தண்ணீர் குடி. சாக்பீஸ் தூசியைக் குறை சொல்லிக்கொண்டே இராதே.

இந்த ஊரில் வீட்டுக்கு வீடு பத்திக் துணி காய்கிறது. சாயம் கலந்து ஆறு ஒரு நாள் நீலமாகவும் மறுநாள் செம்மையாகவும் ஓடுகிறது. உன் அத்தான் கடைகளைக் கண்டால் வண்டியின் வேகத்தைக் கூட்டுகிறார். "ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க"ன்னா, "பிரேக்கு தேயும் முர்தினி, பென்ஷன்காரன் பிரேக்க சிக்கனமாத்தான் மிதிக்கணும்" என்கிறார். நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஊரைக் கடக்கிறேன்.

ஒரு சின்ன உதவி. பழைய படங்களை ஒட்டி ஓர் ஆல்பம் செய்கிறேன். உன் கல்யாணப் படம் என்னிடம் இல்லை. ஒன்று அனுப்பு. நீ மட்டும் இருப்பது வேண்டாம், இருவரும் இருப்பது. முகம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

அந்தத் தாளுக்கு என்ன அவசரம்? பெருநாள் கழித்துக் கொடுத்தால் போதாதா? விசாரித்துப் பார்.

வெனிங்குக்கு என் முத்தம். வீடு திரும்பியதும் பொட்டலம் அனுப்புகிறேன்.

அக்கா,
முர்தினி


மாலாங்
18 டிசம்பர் 1994

அன்புள்ள அக்கா,

இருமல் விட்டது. மழை விடவில்லை. நீங்கள் வீடு வந்து சேர்ந்திருப்பீர்கள் என்று செமாராங் விலாசத்துக்கே எழுதுகிறேன்.

படம் இத்துடன் இருக்கிறது. எங்கள் இருவர் முகமும் தெளிவாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் கேட்காத படத்தை இப்போது ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

காஜி அலுவலகத்தில் பெருநாள் கழித்துக் கொடுத்தால் போதும் என்றார்கள். நீ முன்கூட்டியே விசாரித்து வைத்தது போல இருந்தது.

உன் பொட்டலம் நேற்று வந்தது. பெக்கலோங்கான் என்றதும் துணி வருமென்று வெனிங் காத்திருந்தாள். வந்தது மரவள்ளி முறுக்கு. எட்டுப் போட்டாற்போல் சுழித்து, பூண்டு மணக்கும் கெபுமென் முறுக்கு. அக்கா, கெபுமென் தெற்கே இருக்கிறது. நீங்கள் போனதாக எழுதிய வடகரைக்கும் அதற்கும் நடுவில் மலைகள் நிற்கின்றன. வகுப்பில் சுவர் வரைபடத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். பிள்ளைகள் ஏதோ புதுப் பாடம் என்று நினைத்தார்கள்.

ஒரு கை முறுக்கை வைத்துக்கொண்டு இப்படி யோசிப்பது அசிங்கம்தான். ஆனால் இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். ஹர்தோயோ ஒவ்வொரு பயணத்திலும் அந்தந்த ஊர்ப் பண்டம் வாங்கி வருவார். கடைசியாகக் கொண்டுவந்தது யோக்யாவின் பருப்புப் பணியாரம். தின்று முடித்து அட்டையை எறியப் போனபோது அடியில் மாலாங் ரயில் நிலையக் கடையின் முத்திரை இருந்தது. அவர் யோக்யாவுக்கே போகவில்லை. எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த முறை போனவர் வரவே இல்லை.

அதனால் கேட்கிறேன். முறுக்கு எங்கே வாங்கியது?

வெனிங் உனக்கு வணக்கம் சொல்கிறாள். அவள்தான் பாதியைத் தின்றாள்.

ஹெஸ்தி


லாசெம்
6 ஜனவரி 1995

என் ஹெஸ்திக்கு,

உனக்கும் வெனிங்குக்கும் ஆரோக்கியம் பெருகட்டும். நாங்கள் சுகம்.

லாசெம் பழமையான துறைமுக நகரம். இங்கே பழைய சீனக் கோயில்கள் உள்ளன. உயரமான சுவர்களும் பெரிய மரக் கதவுகளும் உள்ள வீடுகள் பல உள்ளன. சிவப்புச் சாயத் துணி பெயர் பெற்றது. கடற்காற்று இதமாக இருக்கிறது.

முறுக்கு வழியில் ஒரு கடையில் வாங்கியது. இப்போதெல்லாம் எல்லா ஊர்ப் பண்டமும் எல்லா ஊரிலும் கிடைக்கிறது.

படம் கிடைத்தது. நன்றி.

அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

முர்தினி


மாலாங்
29 ஜனவரி 1995

அன்புள்ள அக்கா,

நாளை மறுநாள் நோன்பு தொடங்குகிறது. உங்கள் இருவருக்கும் அதற்கான தெம்பும் பொறுமையும் கிடைக்கட்டும்.

உன் லாசெம் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். என் மாணவிகள் தேர்வில் இப்படித்தான் எழுதுவார்கள். பூனையைப் பற்றி எழுதினாலும் அதன் மீசையை எழுதுகிற நீ, ஒரு ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு அத்தான் யாரோடு சண்டை போட்டார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

பிறகு பொட்டலம் வந்தது. மூங்கில் பெட்டி, மேலே பச்சை பிளாஸ்டிக் கயிறு. முடிச்சு நகத்துக்கு அசையவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. எங்கேயோ பார்த்த முடிச்சு மாதிரி இருந்தது. கடைசியில் கத்தியால் அறுத்தேன்.

உள்ளே கருவாடு. தடித்த சதை, பொரித்தால் ரொட்டி மாதிரி உதிரும் அந்த ஜம்பல் கருவாடு. லாசெமிலும் கருவாடு உண்டு, அக்கா. இந்தக் கருவாடு இல்லை. இது பங்கந்தரான் கடற்கரையில் வாங்குவது. தெற்குக் கடல். இந்தத் தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இராத்திரிச் சாப்பாட்டுக்கு அதைப் பொரித்தேன். தட்டில் வைத்ததும் வெனிங் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா எங்கேருந்தும்மா அனுப்பிருக்காங்க?"

"லாசெம்லேருந்து."

"லாசெம்ல நல்ல கருவாடு கிடைக்குது போல."

"ஆமா. அங்க கடல் இருக்கில்ல."

"இருக்கும்மா. கடல் எல்லா ஊர்லயும் ஒன்னுதானே."

இவ்வளவுதான் பேச்சு. உப்பு கூடுதலாக இருந்தும் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். எழுந்தபோது அறுபட்ட கயிற்றை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். குப்பையில் போடத்தான் என்று நினைத்தேன். காலையில் குப்பைக் கூடையில் கயிறு இல்லை.

அக்கா, நீயும் என் பெண்ணும் எனக்குத் தெரியாமல் ஏதோ செய்கிறீர்கள். பள்ளி அலுவலக போனில் இதைக் கேட்க முடியாது. அங்கே ஆறு ஜோடிக் காது இருக்கிறது. எழுத்தில் பதில் சொல்.

ஹெஸ்தி


செமாராங்
1 மார்ச் 1995

என் ஹெஸ்திக்கும் வெனிங்குக்கும்,

பெருநாள் வாழ்த்துகள். அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளை உள்ளும் புறமுமாக மன்னித்துவிடுங்கள்.

இந்த வருஷம் மாலாங்குக்கு வர முடியவில்லை. அத்தானுக்குக் காய்ச்சல். நீண்ட தூரம் வண்டி ஓட்ட முடியாது. அம்மா அப்பா கல்லறைக்கு என் பங்குப் பூவையும் நீயே தூவிவிடு.

தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டாயா? இன்னும் போடவில்லையென்றால், போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை.

பிழைகளை மன்னித்துவிடு, ஹெஸ்தி. அறிந்து செய்ததையும்.

அக்கா


மாலாங்
9 மார்ச் 1995

முர்தினி அக்காவுக்கு,

அத்தானின் காய்ச்சல் தணிந்திருக்க வேண்டும். எப்படிப்பட்ட காய்ச்சல் அது? உடன்பிறந்தவள் வீட்டுக்குப் பெருநாளுக்கு நீ வராதது இதுதான் முதல் தடவை.

மன்னிப்பு வரியை எல்லாரும் ஒரு தரம்தான் எழுதுவார்கள். தபால்காரர் கொண்டுவந்த பதினைந்து வாழ்த்து அட்டைகளிலும் அது ஒரு தரம்தான் இருக்கிறது. உன் கடிதத்தில் இரண்டு தரம்.

பெருநாள் காலையில் தொழுகை முடிந்து வந்து வெனிங் என் முன்னால் மண்டியிட்டு, என் முழங்காலில் நெற்றியை வைத்து மன்னிப்புக் கேட்டாள். ஒவ்வொரு வருஷமும் செய்வதுதான். எழுந்ததும் "காசு எங்கம்மா?" என்று கையை நீட்டுவாள், வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும்கூட. இந்த வருஷம் எழுந்திருக்கவே இல்லை. என் சேலை முழங்காலில் நனைந்துவிட்டது. "என்னடி?" என்றேன். "ஒன்னும் இல்லம்மா, கால் மரத்துப் போச்சு" என்றாள். மரத்துப்போனது எந்தக் கால் என்று நான் கேட்கவில்லை. நம் வீட்டில் கேட்காமல் இருப்பதற்கு மரியாதை என்று பெயர். ஆனால் கேட்காமல் இருந்த ஒவ்வொரு முறையும் எனக்கு ஏதோ ஒன்று கைவிட்டுப் போயிருக்கிறது.

அதன்பிறகு அவள் அலமாரியில் துணி அடுக்கும்போது கயிற்றைப் பார்த்தேன். பச்சைக் கயிறு, அறுபட்ட இடத்தோடு, முடிச்சுகள் அப்படியே. கைக்குட்டையில் மடித்து வைத்திருந்தாள். நான் எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

இப்போது நேராகக் கேட்கிறேன். கெபுமென், பங்கந்தரான் எல்லாம் ஒரே சாலை, ஒரே கடற்கரை. தெற்கே யாரைத் தேடுகிறீர்கள்? தேடுகிறீர்களா, கண்டுபிடித்துவிட்டீர்களா?

ஹெஸ்தி


மாலாங்
23 மார்ச் 1995

அக்கா,

நலம்தானே? பதில் இல்லை.

மீதிக் கருவாட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். லாசெமில் எந்தக் கடையில் வாங்கினாயோ அதே கடையில் கொடுத்துவிடு.

ஹெஸ்தி


செமாராங்
28 மார்ச் 1995

என் ஹெஸ்தி,

கருவாடு பத்திரமாக வந்து சேர்ந்தது. உன் அத்தான், "இந்தக் கருவாடு நம்மளவிட அதிகமா ஊர் சுத்திருக்கு" என்றார்.

நீ கேட்டதற்குப் பதில் ஆமாம். கண்டுபிடித்துவிட்டோம்.

அக்டோபரில் வெனிங் ஒரு நாள் இங்கே வந்தாள். உன்னிடம் தோழி வீட்டு விசேஷம் என்று சொல்லியிருப்பாள். அவளோடு படித்த ஒருத்தி பங்கந்தரானுக்குச் சுற்றுலா போனபோது, முகப்பில் 'வெனிங்' என்று எழுதிய படகைப் பார்த்தாளாம். அதைச் சொல்லி அழுதாள். "அம்மா கையெழுத்துப் போட்டா அது பொய் இல்ல பெரியம்மா, அம்மாவுக்கு நெஜமாவே தெரியாது. ஆனா நான் தேடாம போய் மணையில உக்காந்தா அது என் பொய்" என்றாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்புறம்தான் அத்தானுக்கு ஊர் சுற்றும் ஆசை வந்தது. சிரெபோன் மட்டும் உண்மை; பெக்கலோங்கான் அந்தப் பயணத்தின் வழியில் பார்த்தது. அதற்குப் பிறகு எல்லாமே தெற்குக் கரைதான்.

காட்டிக் கேட்கப் படம் இல்லாமல் நேராக அந்தப் படகிடம் போகத் தயங்கி, டிசம்பரில் கிழக்கிலிருந்து தொடங்கினோம். தென்னந்தோப்பும் வெல்லம் காய்ச்சும் புகையுமாக ஊர் ஊராக, ஓட்டுநர்கள் கூடும் இடமெல்லாம் விசாரித்தோம். உன் படம் வந்த பிறகு ஜனவரியில் பங்கந்தரான் போனோம். வளைகுடா முழுக்கப் படகுகள். சுற்றுலாக்காரர்கள் வெள்ளை மணல் கரைக்குப் போகப் பேரம் பேசுகிறார்கள். 'வெனிங்' படகு அங்கே இருந்தது. அதன் சொந்தக்காரரிடம் படத்தைக் காட்டினேன். "தெளிஞ்ச தண்ணின்னு வச்ச பேரும்மா இது. பொண்ணு பேரெல்லாம் இல்ல. எனக்கு நாலும் பசங்க, நாலும் தண்டம்" என்றார். படத்தில் இருந்தவரை அவருக்குத் தெரியவில்லை.

அதோடு முடிந்தது என்று திரும்பினோம். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று கருவாட்டுக் கடை வரிசையில் நின்றேன். கடைக்காரி வாயாடி. "பாத்துட்டே நின்னா கருவாடு உங்ககூட நடந்து வராதுக்கா, கையில எடுங்க" என்றாள். உனக்கென்று ஒரு பெட்டி வாங்கினேன். அவள் உள்ளே திரும்பி, "ஏங்க, இதக் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக் குடுங்க, தூரம் போகுதாம்" என்றாள்.

உள்ளேயிருந்து ஒருவர் வந்து குனிந்து கட்டத் தொடங்கினார். தலை நரைத்து, கறுத்து, மெலிந்து. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அத்தான்தான் என் முழங்கையை அழுத்தினார். நாங்கள் செமாராங்குக்குக் குடிபெயர்ந்தபோது எங்கள் அலமாரியை லாரியின் மேல் ஏற்றிக் கட்டியது யார், நினைவிருக்கிறதா? அதே முடிச்சு.

அவர் நிமிராமலே, "எந்த ஊருக்குக்கா போகுது?" என்று கேட்டார்.

"மாலாங்" என்றேன்.

கை நின்றது. பிறகு முதல் முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டார். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார்.

விதவையாக இருந்த அந்தக் கடைக்காரியைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். ஏன் போனாய் என்று அத்தான் கேட்டதற்கு, "கேக்குறதுக்கு நல்ல பதில் ஒன்னும் இல்லண்ணே" என்றார். அவ்வளவுதான். கல்யாணத்தைச் சொன்னேன். கடைக்காரி, "போய்ட்டு வாங்க. ரெண்டு நாள் மீன் காயலன்னா கடல் கோவிச்சுக்காது" என்றாள். அவர் மாட்டேன் என்றார். "ஹெஸ்தி கூப்பிடாம நான் போய் அந்த எடத்துல உக்காந்தா, ரெண்டாந்தடவை அவள அவமானப்படுத்துன மாதிரி. அவ வாயால வான்னு சொன்னா வர்றேன். இல்லேன்னா நீங்க என்னப் பாக்கவே இல்ல, நானும் யாரையும் பாக்கல."

ஆள் வராமல், தன் பொறுப்பைக் காஜிக்கு எழுதிக் கொடுத்தாலும் போதுமாம். பெருநாளுக்கு மறுபடியும் போனது அதைக் கேட்கத்தான். அத்தானுக்குக் காய்ச்சல் இல்லை. அதற்கும் அவர் அதே பதிலைத்தான் சொன்னார்.

இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். நான் எழுதாதவரை உன் கையெழுத்து உண்மை. எழுதிய நிமிஷம் அது பொய்யாகிவிடும். பேனாவை எடுக்கும்போதெல்லாம் அதுதான் தடுத்தது. நீ கருவாட்டைத் திருப்பி அனுப்பிய பிறகு மறைக்க ஒன்றும் மிச்சமில்லை.

இன்னொன்றும் கேட்பாய். பொய் சொல்லத் தெரிந்தவள் ஏன் அந்த முறுக்கையும் கருவாட்டையும் அனுப்பினாய் என்று. செமாராங் கடைகளில் லாசெம் பண்டம் கிடைக்காமல் இல்லை. வாங்கப் போனேன். கையிலும் எடுத்துவிட்டேன். உனக்கு அந்தப் பணியார அட்டை நினைவுக்கு வருமே என்று திரும்ப வைத்துவிட்டேன். கடிதத்தில் பொய் எழுத வந்தது. நீ தின்கிற பொருளில் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

இப்போது இது தெரிந்தவர்கள் நாம்தான். நீ கையெழுத்துப் போட்டால் நானும் அத்தானும் கடைசிவரை வாய் திறக்க மாட்டோம். வெனிங்குக்கு அவர் கிடைத்தது தெரியும். நீ கூப்பிட்டால்தான் வருவேன் என்று அவர் சொன்னது தெரியாது. அதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. கோபத்தில் பட்டினி கிடக்கும் பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

அக்கா,
முர்தினி


மாலாங்
14 ஏப்ரல் 1995

அன்புள்ள அக்கா,

சாப்பிடுகிறேன். கோபமும் இருக்கிறது. இரண்டும் தனித்தனியாக நடக்கின்றன.

உன் கடிதம் வந்த அன்று, வெனிங் பிறந்த வீட்டுக்குக் கருவாட்டுப் பெட்டியில் முடிச்சாக வந்துபோன மனிதரை நினைத்துக்கொண்டே வகுப்பில் எரிமலைகளை நடத்தினேன். நான் கூப்பிட்டால்தான் வருவாராம். மரியாதை போலத் தெரிகிறது. யோசித்தால், போனபோது என்னைக் கேட்காதவர் வருவதற்கு மட்டும் என் வாயை எதிர்பார்க்கிறார். முதல் வாரம் முழுவதும் இதையேதான் அரைத்துக்கொண்டிருந்தேன். உன்மேலும் சந்தேகம் விடவில்லை. ஒருவேளை அவர் அப்படிச் சொல்லவே இல்லையோ, என்னை இளக்குவதற்கு நீயே கட்டிய வார்த்தையோ என்று. பிறகு கருவாட்டை நினைத்துக்கொண்டேன். நீ அப்படிச் செய்பவள் இல்லை.

பெருநாள் முடிந்ததிலிருந்து அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கிராமத் தலைவர் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார். "டீச்சருக்குக் கையெழுத்து மறந்துபோச்சா?" என்றாராம். ஒருநாள் பேனாவைத் திறந்து, 'இருக்குமிடம் அறியேன்' என்ற வரிக்குக் கீழே வைத்தேன். பதினாறு வருஷம் எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. அந்த வரி எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மை ஒரு புள்ளியாக ஊறியதும் எடுத்துவிட்டேன்.

நேற்று அச்சகத்திலிருந்து அழைப்பிதழின் மாதிரி வந்தது. வெனிங் அதை அடுப்படி மேசையில் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

"அம்மா, அச்சுக்காரர் ஒன்னு கேக்குறார்."

"என்னவாம்?"

"அப்பா பேருக்கு முன்னாடி 'மறைந்த'ன்னு போடணுமா, சும்மா போடணுமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"அம்மாவக் கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

"பேரே போடலன்னா?"

"அது ஒன்னுதான் அவர் கேக்கல."

வெங்காயம் உரிப்பது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள எந்தக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் தெரிந்தும், "அப்பா இருக்கார்மா" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளால் முடியவில்லை. நான் உடைந்துபோவேன் என்று பயப்படுகிறாள். என்னைக் காப்பாற்றுவதற்காக என் பெண் தன் கல்யாணத்தையே ஒரு பொய்யின் மேல் நடத்திக்கொள்ளத் தயாராகிவிட்டாள். "ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லு" என்றேன். "சரிம்மா" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. என் பெண் அல்லவா.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கடைத்தெருவுக்குப் போனேன். கடை அப்போதுதான் திறந்தது. சோயாவில் செய்த நல்ல தெம்பே வறுவல் இரண்டு பெட்டி வாங்கினேன். பார்க்கப் போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போக முடியாதே. அதிலும் ஒரு கடைக்காரியின் வீட்டுக்கு. "எந்த ஊருக்கு டீச்சர்?" என்று வறுவல் கடைப் பெண் கேட்டாள். "கடற்கரைப் பக்கம்" என்றேன்.

வெனிங்கிடம் மாணவிகளை யோக்யா பக்கத்துப் போரோபுதூருக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். பள்ளியில் உன் உடம்பு சரியில்லை என்று விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மன்னித்துக்கொள், அறிந்து செய்ததுதான். சாயங்கால ரயில். அப்புறம் பேருந்து. இந்தக் கடிதத்தை ரயில் நிலையத்துப் பெட்டியில் போடுவேன். உன் கைக்கு இது வரும்போது நான் போய்த் திரும்பியிருப்பேன். ஆகவே இந்த நிமிஷம்வரை யாருக்கும் தெரியாது.

அவரிடம் ஏன் என்று கேட்கப் போவதில்லை. அதற்கு நல்ல பதில் இல்லை என்று உங்களிடமே சொல்லிவிட்டார். "மே மாதம் வந்து உங்கள் இடத்தில் உட்காருங்கள்" என்று மட்டும் சொல்வேன். குரல் எப்படி வருமோ தெரியாது.

திரும்பும்போது ஏதாவது வாங்கி வர வேண்டும். போரோபுதூருக்குப் போனேன் என்று சொல்லிவிட்டு ரயில் நிலையக் கடையில் யோக்யா பணியாரம் வாங்கிப் பெண்ணிடம் நீட்ட என்னாலும் ஆகாது. அந்தக் கருவாட்டைத்தான் வாங்குவேன். அவரையே கட்டித் தரச் சொல்வேன். கொண்டுவந்து அடுப்படி மேசையில் வைப்பேன், கத்தியை எடுத்து மறைத்துவிட்டு. வெனிங் எத்தனை நேரம் ஆனாலும் கையாலேயே அவிழ்த்துக்கொள்ளட்டும்.

அத்தானை முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல். கல்யாணத்துக்கு வண்டி ஓட்ட வேண்டும்.

உன் தங்கை,
ஹெஸ்தி